நீர்ப் பயிற்சிக்கும் அளவு குறித்துத் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலியுள்ளவர்கள் தரையில் நடப்பதைவிட நீச்சல் குளத்தில் இறங்கி நடப்பது நல்லது என்று அறிவுறுத்தும் கட்டுரை ஒன்று தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நோயாளிகளைக் குளத்தில் இறக்கிப் பயிற்சி கொடுத்து வரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், அந்தக் கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். நீரின் உதவியால் மீண்டும் நடக்கத் தொடங்கியவர்கள் பலரை நான் அறிவேன். ஆயினும், தண்ணீருக்குள் உடலுக்கு எடையே இல்லாததால் அங்கே செய்யும் பயிற்சி யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது என்ற பொருளில் அக்கட்டுரையில் அமைந்திருந்த ஒரு வரியை மறுக்காமல் இருக்க என்னால் இயலவில்லை. அந்த ஒரு வரிக்காகவே இவ்வளவு நீண்ட கடிதத்தை எழுதுகிறேன்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

எடையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்த வரி சரியாகவே படும். ஆனால் தண்ணீர் தன்னுள் இறங்கிய உடலை மேலே தூக்குவதோடு நின்றுவிடுவதில்லை. தூக்கும் அதே நேரத்தில் அது உடலை எல்லாப் பக்கங்களிலிருந்தும் அழுத்துகிறது. உடலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அல்லது தன் வெப்பத்தை உடலுக்குள் ஏற்றுகிறது. ஒவ்வோர் அசைவையும் எதிர்க்கிறது. இவற்றுள் நமக்கு வேண்டியதை மட்டும் பெற்றுக்கொண்டு மற்றவற்றை வேண்டாம் என்று ஒதுக்க முடியாது. மாத்திரை எழுதித் தரும் மருத்துவர் எத்தனை மில்லிகிராம், நாளைக்கு எத்தனை வேளை என்று எழுதாமல் விடமாட்டார். தண்ணீரைப் பொறுத்தவரை ஆழம், வெப்பநிலை, நேரம் ஆகிய மூன்றும்தான் அந்த அளவு. இவற்றைக் குறிப்பிடாமல் 'குளத்தில் பயிற்சி செய்யுங்கள்' என்று சொல்வது, அளவு சொல்லாமல் மருந்தைக் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் எடையையே எடுத்துக்கொள்கிறேன். நீரில் அமிழ்ந்த பொருள், தான் வெளியேற்றிய நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த உண்மை. மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஏறக்குறைய ஒத்திருப்பதால்தான் அந்த விசை நமக்கு இவ்வளவு பயன்படுகிறது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவருடைய எடையில் ஏறத்தாழப் பாதியைத் தாங்குகின்றன; மார்பளவு நீரில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது; கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் சற்றுக் குறைவாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் கழுத்தளவு நீரில் நின்றால் அவர் முழங்கால்களுக்கு வந்து சேரும் சுமை சுமார் 5 அல்லது 6 கிலோதான். எலும்பு முறிந்து தேறி வருபவருக்கும், மூட்டு தேய்ந்தவருக்கும் இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவர்கள் முகத்திலேயே பார்க்கலாம். எனினும், மீதமிருக்கும் எடையை எடையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேலும், மேற்சொன்னவை அசையாமல் நிற்பவருக்கான அளவுகள். வேகமாக நடக்கத் தொடங்கினால் ஒவ்வோர் அடியிலும் பாதத்தில் விழும் சுமை கூடுகிறது. குதித்தால் இன்னும் கூடுகிறது. 'பாதி எடைதான் தாங்கலாம்' என்று அறுவை மருத்துவர் வரையறுத்த நோயாளியை இடுப்பளவு நீரில் வேகநடை போடச் செய்தால் அந்த வரம்பை மீறச் செய்கிறோம் என்பதே பொருள்.

ஆழத்தைக் குறித்துத் தருவதில் வேறொரு பயனும் இருக்கிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பின்னாளில் விளங்கிய பிராங்கிளின் ரூஸ்வெல்ட் 1921இல் நோயால் தாக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்த நிலையில், 1924இல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்துக்குச் சென்றார். அங்கு இயற்கையாகவே சுமார் 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஊறும் நீரில் இறங்கியபோது, தரையில் தன்னைத் தாங்காத கால்களைக் கொண்டு அவரால் நிற்கவும் அடியெடுத்து வைக்கவும் முடிந்தது. அந்த அனுபவமே அங்கே ஒரு மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாயிற்று. ஆனால் தரைக்கு வந்த பிறகு அவரால் கடைசிவரை துணையின்றி நடக்க முடியவில்லை. நீர் சுமையைத் தாங்கிக்கொள்வது நாம் அதற்குள் இருக்கும் வரையில்தான். கரையேறியதும் முழு எடையும் திரும்பி வந்துவிடும். ஆகவே தரையில் நடக்கும் அளவுக்குத் தசையில் வலு மீளக்கூடியவர்களுக்கு, கழுத்தளவில் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்ல மார்பளவுக்கும் இடுப்பளவுக்கும் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கால்களுக்குச் சிறிது சிறிதாகச் சுமையைப் பழக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே ஆழத்தில் நடந்துவிட்டு, 'தண்ணீரில் நன்றாக நடக்கிறேன், தரையில்தான் முடியவில்லை' என்று வருந்துபவர்களிடம், ஆழத்தைக் குறைக்கும்படி யாராவது சொன்னார்களா என்று கேட்டால், இல்லை என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது.

மிதப்பைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடலின் எடை கீழ்நோக்கிச் செயல்படும் ஈர்ப்பு மையம் இடுப்புப் பகுதியில் இருக்க, நீர் மேல்நோக்கித் தள்ளும் மிதப்பு மையம், காற்று நிறைந்த நுரையீரல்களின் காரணமாக, அதைவிட மேலே மார்பை ஒட்டி அமைகிறது. இவ்விரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் வராதவரை உடல் சுழன்றுகொண்டே இருக்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவர் தன்னை அறியாமலே கைகால்களை அசைத்து இதைச் சரிசெய்துகொள்கிறார். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவரால் அது இயலாது. அவர் உடல் ஒரு பக்கமாக உருண்டு முகம் நீருக்குள் போய்விடக்கூடும். லண்டனில் ஹாலிவிக் என்ற பள்ளியில் 1949இல் உடற்குறையுள்ள சிறுமிகளுக்கு நீச்சல் கற்பித்த ஜேம்ஸ் மெக்மில்லன் ஒரு பொறியாளர். மிதவைகளை மாட்டிவிடுவதைவிட, இந்தச் சுழற்சியைத் தங்கள் தலையின் அசைவாலும் கைகளின் அசைவாலும் தாங்களே அடக்கப் பழகுவதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு என்று அவர் கண்டார். நீரில் சிகிச்சை தரும் என் போன்றோர் பலரும் இன்றும் அவர் வகுத்த வழியில்தான் தொடங்குகிறோம். நோயாளிக்கு மிதவைப் பட்டையைக் கட்டிவிட்டுக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும் உதவியாளர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அச்சம் ஏற்படுகிறது.

கட்டுரையில் ஒரு சொல்கூட இடம்பெறாத பண்பு நீரின் அழுத்தம். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடக் கவனிக்கப்பட வேண்டியது இதுதான். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்துச் சீராகக் கூடுகிறது. ஒரே ஆழத்தில் எல்லாத் திசைகளிலும் சமமாகச் செயல்படுகிறது. பாதரசம் நீரைப்போல 13.6 மடங்கு அடர்த்தியுள்ளது என்பதைக் கொண்டு கணக்கிட்டால், 1.2 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சுமார் 88 மில்லிமீட்டர் பாதரசம் ஆகிறது. இரத்த அழுத்தத்தை இதே அலகில் அளந்துதான் 120, 80 என்று இரண்டு எண்களைச் சொல்கிறோம் அல்லவா? கழுத்தளவு நீரில் நிற்பவரின் கணுக்காலைச் சுற்றிலும் இருக்கும் நீரின் அழுத்தம் அந்த இரண்டாவது எண்ணைவிட அதிகம். கால் வீக்கத்துக்காகவும் சிரை வீக்கத்துக்காகவும் மருத்துவர்கள் அணியச் சொல்லும் அழுத்தக் காலுறைகள் பெரும்பாலும் கணுக்காலில் 20 முதல் 40 மில்லிமீட்டர் வரையே அழுத்துகின்றன. மேலே செல்லச் செல்லச் சீராகக் குறைந்து வரும் அதைவிட வலிய ஓர் அழுத்தத்தை நீர் எந்தத் துணியும் இன்றித் தருகிறது. மாலையில் கால் வீங்கிப்போய் வருபவர் குளத்தில் அரைமணி நேரம் நடந்துவிட்டு வெளியே வரும்போது செருப்பு தளர்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

இவ்வளவு அழுத்தத்தையும் நாம் வலியாக உணர்வதில்லை. நம் தசையும் இரத்தமும் பெரும்பாலும் நீரே ஆதலால், வெளியிலிருந்து வரும் அழுத்தத்தை அவை நசுங்காமல் அப்படியே உள்ளுக்குள் கடத்திவிடுகின்றன. உடலில் இதற்கு விலக்காக இருக்கும் பெரிய இடம் மார்புக்கூடு. தலை நீருக்கு வெளியே இருந்து வாய்வழியே மூச்சு விடும் வரை, நுரையீரலுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தமாகவே இருக்கும். கால்களும் வயிறும் நீரால் அழுத்தப்பட, மார்புக்குள் மட்டும் அந்த அழுத்தம் இல்லாததால், மெல்லிய சுவருடைய சிரைகளிலும் நிணநீர்க் குழாய்களிலும் இருப்பவை அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு, அதாவது மார்பை நோக்கி, நகர்கின்றன. கழுத்து வரை நீரில் இறங்கிய ஒருவருக்கு இவ்வாறு மார்புக்கு வந்து சேரும் இரத்தம் சுமார் 700 மில்லிலிட்டர். பெரியவர் ஒருவரின் உடலில் இருக்கும் இரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். அவர் கையைக்கூட அசைக்கவில்லை, வெறுமனே நிற்கிறார், அதற்குள்ளாகவே மொத்த இரத்தத்தில் ஏழில் ஒரு பங்கு இடம்பெயர்ந்து நுரையீரல் நாளங்களிலும் இதய அறைகளிலும் நிறைந்துவிடுகிறது.

நலமாக உள்ள இதயம் இதை எளிதில் சமாளித்துக்கொள்கிறது. அதன் அறைகள் கூடுதலாக விரிந்து, விரிந்த தசை கூடுதல் வலுவோடு சுருங்கி, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை வெளியேற்றுகிறது. கழுத்தளவு நீரில் ஓய்வாக நிற்கும்போதே இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தம் 30 விழுக்காடு அளவுக்குக் கூடுகிறது. தரையில் நடக்கவே முடியாத மூட்டு நோயாளிக்கு இது இதயத்துக்கான ஒரு மென்பயிற்சியாக அமைகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே தளர்ந்து, வந்து சேரும் இரத்தத்தை முழுதாக வெளியேற்ற முடியாமல் திணறும் இதயத்துக்கு இதே 700 மில்லிலிட்டர் தாங்க முடியாத சுமையாகலாம். நுரையீரலில் இரத்தம் தேங்கி மூச்சுத் திணறல் வரலாம். இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூங்க முடிகிறது என்று சொல்பவரைக் கழுத்தளவு நீரில் இறக்கக் கூடாது. படுக்கும்போது கால்களிலிருந்து மார்புக்கு வரும் இரத்தமே அவருக்கு அதிகமாகிவிடுகிறது. குளத்தில் வருவது அதைவிட அதிகம். இத்தகையவரிடம் 'உடலுக்கு எடையே இல்லை, கெடுதலும் இல்லை' என்று எழுதியிருக்கும் தாள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணித்தான் நான் கலங்குகிறேன்.

மூச்சுக்கும் இதே கதைதான். வயிற்றை நீர் அழுத்துவதால் உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது. விலா எலும்புகள் விரிய வேண்டுமானால் சுற்றியுள்ள நீரைத் தள்ளிக்கொண்டே விரிய வேண்டும். மார்புக்குள் கூடுதலாக வந்த இரத்தமும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கழுத்தளவு நீரில் மூச்சுவிடும் உழைப்பு தரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுகிறது. முழு மூச்சில் இழுத்து விடக்கூடிய காற்றின் அளவும் சற்றுக் குறைகிறது. மூச்சுத் தசைகளைப் பழக்குவதற்கு நாங்கள் வேண்டுமென்றே இதைப் பயன்படுத்துவதுண்டு; நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு மார்புக்குக் கீழேயே நீர்மட்டத்தை நிறுத்திக்கொள்வதும் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சாண் ஆழம்தான். அந்த ஒரு சாணை யார் குறித்துத் தருவது என்பதே என் கேள்வி.

நாடித்துடிப்பைப் பற்றியும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் வெளியேறுவதால், மிதமான வெப்பமுள்ள ஆழமான நீரில் அதே அளவு உழைப்புக்கு நாடி தரையில் இருப்பதைவிட மெதுவாகவே துடிக்கும். நடைப்பயிற்சிக்கென்று தரையில் கணக்கிட்டுத் தந்த துடிப்பு எண்ணிக்கையைக் குளத்தில் எட்டிப் பிடிக்க முயல்பவர், தன்னை அறியாமலே அளவுக்கு மீறி உழைப்பார். நீரில் பயிற்சி செய்பவர், பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்ற உணர்வை வைத்து வேகத்தை முடிவு செய்வதே சரியான வழி. கைக்கடிகாரத்தில் ஒளிரும் எண்ணை நம்பிக் குளத்தில் ஓடும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். இந்தத் தொழிலுக்கு வந்த தொடக்கத்தில், முழங்கால் வலியோடு வந்த முதியவர் ஒருவருக்குக் கழுத்தளவு வெந்நீர்க் குளத்தில் நாற்பது நிமிடம் பயிற்சி கொடுத்தேன். நீருக்குள் இருந்தவரை அவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். பயிற்சி முடிந்ததும் ஏணியைப் பிடித்து நேராக மேலே ஏறினார்; கரையில் இரண்டாவது அடி வைக்கும்போது கண்கள் செருக அப்படியே சரிந்தார். நான் பின்னாலேயே வந்ததால் தாங்கிப் பிடிக்க முடிந்தது. படுக்கவைத்துக் கால்களை உயர்த்தியதும் தெளிந்துவிட்டார். அவர் இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் சாப்பிட்டு வந்தார். அவற்றுள் ஒன்று சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. அவர் கொண்டுவந்த சீட்டில் 'நீரில் பயிற்சி' என்ற இரண்டு சொற்களே இருந்தன. எழுதியவர் எதையும் எழுதவில்லை, நானும் எதையும் கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது என்பதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

அன்று நடந்தது என்ன என்பதை அதன் பின்னரே முறையாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். மார்பில் இரத்தம் நிறைந்ததும், உடலில் நீர் மிகுந்துவிட்டதாக இதயத்தின் மேலறைகள் கருதிக்கொள்கின்றன. உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஒரு சுரப்பை அவை அனுப்ப, நீரைச் சேமிக்கச் சொல்லும் மற்றொரு சுரப்பு மூளையில் அடங்கிவிடுகிறது. சிறுநீரகங்கள் அதற்கேற்ப வேலை செய்கின்றன. குளத்தில் இறங்கிய சிறிது நேரத்தில் சிறுநீர் முட்டுவதன் காரணம் இதுதான். குளிரால் மட்டும் அது நேர்வதில்லை, இளஞ்சூடான நீரிலும் நேரும். இதற்கிடையே வெந்நீர் தோலின் இரத்த நாளங்களை விரித்துவிடுகிறது. நீருக்குள் இருக்கும் வரை, வெளியிலிருந்து அழுத்தும் நீரே அந்த விரிந்த நாளங்களுக்குச் சுவர்போல நின்று காக்கிறது. கரையேறும் சில விநாடிகளில் அந்தச் சுவர் முழுவதும் நீங்கிவிடுகிறது. முழு எடையும் திரும்புகிறது. சிறுநீராகவும் வியர்வையாகவும் நீரை இழந்து சற்றுக் குறைந்துவிட்ட இரத்தம், விரிந்து கிடக்கும் கால் நாளங்களுக்குள் வழிந்து இறங்குகிறது. மூளைக்குப் போதிய இரத்தம் ஏறுவதில்லை. அவருடைய மாத்திரைகளோ, உடல் இதைச் சரிசெய்துகொள்ளும் வழிகளையும் மந்தப்படுத்தியிருந்தன. குளிர்ந்த கடல்நீரில் நெடுநேரம் கிடந்தவர்களை மீட்பவர்கள், இயன்றவரை அவர்களைக் கிடைநிலையிலேயே தூக்க வேண்டும் என்று பயிற்றுவிக்கப்படுவதும் இதே அழுத்த இழப்பை மனத்தில் கொண்டுதான். நேராக நிறுத்தித் தூக்கினால், நீரில் உயிரோடு இருந்தவர் மேலே வரும்போது நினைவிழந்துவிடக்கூடும்.

அன்றிலிருந்து என் குளத்தில் யாரும் ஆழத்திலிருந்து நேரடியாக ஏணியில் ஏறுவதில்லை. பயிற்சியின் கடைசிப் பகுதியை மார்பளவு நீரிலும், பிறகு இடுப்பளவு நீரிலுமாகச் செய்து, கெண்டைக்கால் தசைகளைச் சில நிமிடங்கள் அசைத்துவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு படிகளில் ஏறி, கரையில் உட்கார்ந்து ஒரு குவளை நீர் அருந்திய பின்னரே எழுந்து நடக்க வேண்டும். நீருக்குள் வியர்ப்பது கண்ணுக்குத் தெரியாது, தாகமும் அவ்வளவாக எடுக்காது என்பதால் அந்தக் குவளை நீரைச் சட்டமாகவே வைத்திருக்கிறேன்.

வெப்பநிலைக்கு வருகிறேன். ஒரு லிட்டர் நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பம், அதே கன அளவு காற்றுக்கு வேண்டியதைப் போல 3,000 மடங்குக்கும் அதிகம். வெப்பத்தைக் கடத்துவதிலும் நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவானது. ஆகவே 28 டிகிரி செல்சியஸ் காற்றில் மெல்லிய உடையோடு சுகமாக இருக்கும் ஒருவர், 28 டிகிரி நீரில் அசையாமல் நின்றால் சிறிது நேரத்தில் நடுங்கத் தொடங்குவார். ஓய்வாக இருக்கும் உடல் தன் வெப்பத்தை இழக்காமலும் ஏற்றிக்கொள்ளாமலும் இருக்க, நீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். நீச்சல் போட்டிகள் நடக்கும் குளங்களின் நீர் 25 முதல் 28 டிகிரி வரை வைக்கப்படுகிறது. விரைந்து நீந்துபவரின் தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை அகற்ற அது ஏற்றது. ஆனால் மெல்ல அசையும் மூட்டு நோயாளிக்கும், பக்கவாதத்தால் தசை இறுகிய நோயாளிக்கும் அது குளிர். இறுகிய தசை குளிரில் மேலும் இறுகும். பக்கவாத நோயாளி ஒருவர் அத்தகைய குளத்தில் ஒரு மாதம் பயிற்சி செய்து, கை முன்னைவிட மடங்கிப்போய் என்னிடம் வந்தார். அவரை இளஞ்சூடான நீருக்கு மாற்றிய பிறகுதான் விரல்களை விரித்துவிட முடிந்தது.

அதற்காகச் சூடு கூடக்கூட நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. உடல் தன் வெப்பத்தை வெளியேற்றப் பயன்படுத்தும் பெரிய வழி வியர்வை ஆவியாவது. நீருக்குள் மூழ்கிய தோலில் வியர்வை சுரந்தாலும் ஆவியாக முடியாது. தலையும் முகமும் மட்டுமே அதற்கு எஞ்சியிருக்கும். நீர் 37 டிகிரியைத் தாண்டும்போது வெப்பம் வெளியிலிருந்து உடலுக்குள் பாயத் தொடங்குகிறது. அங்கே உடற்பயிற்சியும் செய்தால் உள்ளேயும் வெளியேயும் ஒருசேர அடுப்பு எரிவதற்குச் சமம். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் எனப்படும் நரம்பு நோய் உள்ளவர்களுக்கு உடல் வெப்பம் சிறிதளவு கூடினாலே பார்வை மங்குவதும் கைகால்கள் சோர்வதும் நேரும். உடல் உழைப்புக்குப் பின் இந்நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை வில்ஹெல்ம் ஊட்டாஃப் என்ற கண் மருத்துவர் 1890ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். அவர்களுக்கு 29 டிகிரிக்கு மேற்படாத நீரே ஏற்றது. ஆக, ஒரே குளம் ஒருவருக்கு மருந்தாகவும், அடுத்த நேரத்தில் வரும் மற்றொருவருக்குத் தீங்காகவும் இருக்க முடியும். நடுவே மாறியது நோயாளி மட்டுமே. குளத்தின் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, அன்றைய வெப்பநிலையைப் பலகையில் எழுதி வைப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. ஆயினும் நான் சென்று பார்த்த பல குளங்களில் அதைக் காணவில்லை.

அசைவை நீர் எதிர்க்கும் பண்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் இது நோயாளிக்குப் பெரும்பாலும் நண்பனாகவே இருக்கிறது. நாம் தள்ளும்போது மட்டுமே நீர் எதிர்த்துத் தள்ளுகிறது. வலி தெரிந்து நிறுத்தினால் எதிர்ப்பும் நின்றுவிடுகிறது. தூக்கிய இரும்புக் குண்டு அப்படி நிற்காது. ஆனால் இந்த எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது என்பதைப் பயிற்சி தருபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கையை இருமடங்கு வேகமாக வீசினால் நான்கு மடங்கு எதிர்ப்பு வரும். தோள்பட்டையில் தசைநார் தைக்கப்பட்டவரிடம், இசையின் தாளத்துக்கேற்பக் கையை வீசச் சொல்லும் குழுப் பயிற்சிகளில் இது மறக்கப்படுகிறது. உள்ளங்கையைப் பக்கவாட்டில் திருப்பி நீரைக் கிழிப்பதுபோல வீசச் சொன்னாலே எதிர்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். நீரின் பிசுபிசுப்புத் தன்மையான பாகுநிலையே இந்த எதிர்ப்புக்குக் காரணம் என்று எங்கள் பாடநூல்களிலும் எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் கைகால் வீசும் வேகத்தில் நீரின் அடர்த்தியும், அசையும் உறுப்புக்குப் பின்னால் உண்டாகும் சுழல்களுமே பெரும்பங்கு வகிக்கின்றன.

ஒளிவிலகலால் குளத்தின் தரை மேலெழுந்து தோன்றுவதும் சிறிய செய்தி அன்று. மேலிருந்து நேராகப் பார்ப்பவருக்கு 2 மீட்டர் ஆழம் ஏறத்தாழ 1.5 மீட்டராகவே தெரியும். முதியவர் ஒருவர் நீருக்குள் இருக்கும் படி அருகில் இருப்பதாக எண்ணிக் காலை வைத்துத் தடுமாறுவது இதனால்தான். படிகளின் விளிம்புகளில் அடர்ந்த நிறத்தில் பட்டை தீட்டியிருப்பது அவருக்குப் பெரிய உதவியாகும்.

இவ்வளவையும் எழுதியது நோயாளிகளை நீரிலிருந்து விரட்டுவதற்காக அன்று. உரிய ஆழத்தில், உரிய வெப்பத்தில், உரிய நேரம் இருந்தால் நீரைப்போல வேறொரு துணை எங்களுக்கு இல்லை. தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. முதலாவதாக, அக்கட்டுரையின் அந்த வரிக்கு ஒரு திருத்தத்தை வெளியிட வேண்டும். இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், வலிப்பு, ஆறாத புண் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குளத்தில் இறங்க வேண்டாம் என்பதை அத்துடன் சேர்க்க வேண்டும். இரண்டாவதாக, நீர்ப் பயிற்சியைப் பரிந்துரைக்கும் மருத்துவர்கள் தங்கள் சீட்டில் எந்த மட்டம் வரை ஆழம், எத்தனை டிகிரி வெப்பம், எத்தனை நிமிடம் என்ற மூன்றையும், நோயாளி உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதித் தர வேண்டும் என்ற வேண்டுகோளைத் தங்கள் பக்கத்தின் வழியாக அவர்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சீட்டில் அவை இல்லையென்றால், குளத்தில் காலை வைப்பதற்கு முன் நோயாளியே அவற்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகரான
ஓர் இயன்முறை மருத்துவர்